'அது என்ன படிப்பு?' என்று கேளுங்கள்

என் தங்கையின் பேத்தி இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டாள். அடுத்து, உலோகப் படிகங்களின் மேற்பரப்பை எக்ஸ் கதிர் கொண்டு ஆராயப் போகிறாளாம். "அதனால் யாருக்கு என்ன லாபம்? பி.எட். படித்தால் பாகூர்ப் பக்கமே வேலை பார்க்கலாமே" என்றோம் பெரியவர்கள். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். ஒரு மாதம் கழித்துத்தான் "அது என்ன படிப்பும்மா?" என்று கேட்டேன்.

"தாத்தா, ஈயம் பூசுகிறவரைப் பார்த்திருப்பீங்களே" என்று ஆரம்பித்தாள். பார்க்காமலா? பித்தளைப் பாத்திரத்தை நெருப்பில் காய்ச்சி, நவச்சாரம் தூவித் துடைத்த பிறகுதான் வெள்ளீயத்தைத் தேய்ப்பார். அழுக்கிருந்தால் ஈயம் ஒட்டாது. பாத்திரம் எவ்வளவு கனமானாலும், புளிக்குழம்பு படுவது அந்த மெல்லிய பூச்சில்தான். ஒட்டுவதும் துருப்பிடிப்பதும் மேற்பரப்பில்தானே தொடங்குகின்றன.

பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் 'ரேயோன் இக்ஸ்' என்று படித்த கதிரை, எலும்பைப் படம் பிடிப்பதற்கானது என்றே இதுவரை நினைத்திருந்தேன். படிகத்தில் பட்டால் அது சிதறி, ஒழுங்கான புள்ளிகளாக விழும். அதிலிருந்து அணுக்களின் வரிசையை அறியலாம். 1912இல் ஜெர்மனியில் கண்டது இது. சூடேற்றினால் அணுக்கள் அதிகம் அதிரும், புள்ளிகள் மங்கும். ஏரியில் ஓட்டாஞ்சில்லு விடுகிற மாதிரி கதிரை மிகவும் சாய்வாக விட்டால், மேலே உள்ள சில அடுக்குகளை மட்டும் தொட்டுத் திரும்புமாம்.

காரீயம் 327 டிகிரியில் உருகும். ஆனால் அதன் படிகத்தின் சில முகங்களில், அந்தச் சூடு வருமுன்பே மேலடுக்கு குலைந்து திரவம்போல் ஆகிவிடுகிறது. 1985இல் ஹாலந்தில் அயனிக் கற்றையால் இதைக் கண்டார்கள். பிறகு எக்ஸ் கதிராலும் ஆராய்ந்தார்கள்.

இதற்கு ஆஸ்பத்திரிக் கதிர் போதாது. எலெக்ட்ரான்களை வட்டப் பாதையில் சுற்றவிட்டு வலுவான கதிரை எடுக்க வேண்டும். இந்தூரில் இண்டஸ்-2 என்ற வளையம் இருக்கிறது, சுற்றளவு சுமார் 172 மீட்டர். ஜப்பானின் சுகுபாவிலும் நம் ஆராய்ச்சியாளர்களுக்கென ஒரு கதிர்த்தடம் உண்டு.

லாபம் என்ன என்றோமே, பிளாட்டினப் பரப்பில் வாயுக்கள் எப்படி வினைபுரிகின்றன என்று ஆராய்ந்த கெர்ஹார்ட் எர்ட்லுக்கு 2007இல் நோபல் பரிசு கிடைத்தது. கார்ப் புகையின் நச்சைக் குறைக்கும் கருவியில் நடப்பதும் அத்தகைய வினைதான்.

வேலையைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவது நியாயம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புரியாத ஒன்றை வீண் என்று தள்ள நமக்கு என்ன உரிமை? அவள் போகட்டும் என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி ஒன்றைக் கேட்டால், 'வேண்டாம்' என்பதற்கு முன் 'அது என்ன, சொல்லு' என்று கேளுங்கள். நான் ஒரு மாதம் தாமதமாகக் கேட்டேன்.