ஒரே வேலையை எத்தனை தரம் தட்டுவது?

லேபில் லினக்ஸ் கமாண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டினோம், அவுட்புட்டை ரெக்கார்டு நோட்டில் எழுதினோம், கையெழுத்தும் வாங்கிவிட்டோம். ஃபார் லூப் வந்ததா? வந்தது. "ஒன்றிலிருந்து பத்துவரை பிரிண்ட் செய்க." அதோடு சரி! லூப்பின் ருசி தெரியாமலே டிப்ளமோ முடிந்துவிடுமோ என்பதுதான் என் ஆதங்கம்.

எனக்கு அந்த ருசி தெரிந்தது லேபில் அல்ல, பிரஸ்ஸில். போன காலண்டர் சீசனில் திருத்தங்கல் பக்கம் ஓர் அச்சகத்துக்குப் பார்ட் டைமாகப் போனேன். சாமி படம், இயற்கைக் காட்சி, குழந்தை படம் என எழுநூறு டிசைன். ஒவ்வொன்றையும் திறந்து, பார்ட்டிக்கு அனுப்பச் சின்னதாக்கி, வேறு பெயரில் சேமிக்க வேண்டும். டிடிபி பார்க்கும் அண்ணன் ஒருத்தர் ராத்திரி பன்னிரண்டு மணிவரை இதையே செய்வார். படத்துக்கு இவ்வளவு என்று கூலி.

2011-ல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் அக்கா வாங்கிய பழைய லேப்டாப் என்னிடம் இருந்தது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் உள்ளது. இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, "இந்த ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் இதைச் செய்" என்று நாலு வரி எழுதினேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

முடிந்ததா? திறந்து பார்த்தால் பாதிப் படங்களைக் காணோம்! 'பெருமாள் 2' என்று பெயரில் இடைவெளி விட்டிருந்தார்கள். மாறியைச் சுற்றி இரட்டை மேற்கோள் போட நான் மறந்ததால், ஷெல் அதை இரண்டு பெயராக எடுத்துக்கொண்டது. அடுத்து பெயர் மாற்றப் போனேன், எண் சேர்க்க மறந்தேன். எம்வி கமாண்டு கேள்வியே கேட்காது. ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கடைசிப் படம் மட்டும் மிச்சம். ஒரிஜினல் பென்டிரைவில் இருந்ததால் தப்பித்தேன்.

கை தவறினால் ஒரு படம் போகும், லூப் தவறினால் எழுநூறும் போகும். அதனால் இப்போதெல்லாம் கமாண்டுக்கு முன்னால் எக்கோ போட்டு ஓட்டுகிறேன். என்ன செய்யப்போகிறது என்று திரையில் வரிசையாக வரும். பார்த்துத் திருப்தியானால் எக்கோவை எடுத்துவிட வேண்டியதுதான். எம்வியோடு மைனஸ் என் சேர்த்தால் இருக்கிற ஃபைலை அழிக்காது. இதை யாராவது லேபில் சொன்னார்களா?

ஒரு சுவாரஸ்யம். 1979-ல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்தது ஸ்டீஃபன் போர்னின் ஷெல். அதில் இஃப்பைத் திருப்பிப் போட்டால் ஃபி, கேஸைத் திருப்பினால் எசாக். டூவைத் திருப்பினால் 'ஓடி' வரவேண்டும். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கமாண்டு இருந்ததால் 'டன்' ஆயிற்று. வைவாவில் கேட்டால் சொல்லுங்கள்!

விஷயத்துக்கு வருகிறேன். எழுநூறும் முடிந்ததும் அண்ணன் கேட்டார்: "சரி தம்பி, இனி எனக்குக் கூலி?" எனக்கு வாயடைத்துப் போயிற்று. தீப்பெட்டிக் கட்டை ஒட்டி, குரோஸ் எண்ணிக் கூலி வாங்கிய தெருவில் வளர்ந்தவன் நான். அது எனக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

லூப் எழுதுகிறவன் ஒருத்தன், வேலை இழக்கிறவன் இன்னொருத்தன் என்று ஆகக்கூடாது. அந்த வேலையைச் செய்கிறவர் கையிலேயே அது இருக்க வேண்டும் என்பது என் கட்சி. கம்ப்யூட்டர் பிரிவு மட்டுமல்ல, மெக்கானிக்கல், பிரிண்டிங் நண்பர்களும் நிஜ ஃபைல்களை வைத்து ஒரு பயிற்சியாவது செய்யட்டும்.

மறுநாளே அண்ணனுக்கு அந்த நாலு வரியைச் சொல்லிக்கொடுத்தேன், எக்கோவோடு சேர்த்து. ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டார். இப்போது ஒன்பது மணிக்கே வீட்டுக்குப் போய்விடுகிறார். கூலி இன்னும் படக் கணக்குதான். முதலாளி இதுவரை எதுவும் கேட்கவில்லை.