பொங்கல் பானையும் போத்தல் நீரும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை ஏடுகளில் மட்டும் தேடுவார் அதன் பாதியையே காண்பர். மறுபாதி அடுப்பங்கரையில் இருக்கின்றது. எந்தத் திங்களில் எதைச் சமைத்தனர், அதை யாரோடு பகிர்ந்துண்டனர் என்பனவும் வரலாறே ஆகும். கார்த்திகை, மார்கழி, தை ஆகிய மூன்று திங்களும் தமிழரின் அடுப்பங்கரை சிறந்து விளங்கிய காலம். அந்த அடுப்பு இன்று மலாக்கா மாநிலத்துத் தமிழர் இல்லங்களில் அணைந்து வருகின்றது. அணைவதைக் கண்டு வருந்துவோர் சிலர். அணைந்தால்தான் என்ன என்று கேட்போர் பலர். அப்பலரின் வாதங்களை ஆராய்ந்து பார்ப்பது காலத்தின் கட்டாயமாகும்.

அவர்கள் எழுப்பும் வினாக்கள் மூன்று. பனியும் குளிரும் இல்லாத நாட்டில் மார்கழி உணவு எதற்கு என்பது முதல் வினா. வயலும் ஏரும் இல்லாதவனுக்கு உழவர் திருநாள் எதற்கு என்பது இரண்டாவது. எல்லாம் கடையில் கிடைக்கும்போது அடுப்படியில் அல்லலுறுவானேன் என்பது மூன்றாவது. மூன்றும் கேட்பதற்கு இனியவை. எண்ணிப் பார்த்தால் உள்ளீடற்றவை.

முதல் வினாவை எடுத்துக்கொள்வோர் மலாக்கா நகரின் காஜா பேராங் பகுதிக்கு ஒருமுறை சென்று வருதல் நலம். 15ஆம் நூற்றாண்டில், மலாக்கா சுல்தான்களின் ஆட்சிக் காலத்தில், வாணிகம் செய்ய வந்து இம்மண்ணின் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழரின் வழித்தோன்றல்களாகிய மலாக்காச் செட்டிகள் அங்கே வாழ்கின்றனர். அவர்கள் வீட்டில் பேசும் மொழி மலாய். தமிழ் அவர்தம் நாவினின்றும் நீங்கித் தலைமுறைகள் பல ஆயின. ஆயினும், 1781இல் அவர்தம் முன்னோர் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. ஆண்டுதோறும் போகி நாளில் முன்னோர்க்கு வாழையிலையில் உணவு படைக்கும் 'பர்ச்சு' என்னும் சடங்கை அவர்கள் கைவிடவில்லை, பொங்கலையும் கைவிடவில்லை. மொழியை இழந்த பின்னும் பானையை இழக்காதவர் அவர். மொழியைக் கையில் வைத்துக்கொண்டே பானையைத் தொலைப்பவர், 'இந்நாட்டின் தட்பவெப்பம் பொருந்தவில்லை' என்று காரணம் கூறுவது நகைப்புக்குரியதன்றோ? ஐந்நூறு ஆண்டுகளாக அச்செட்டிகளின் வீட்டிலும் இதே வெயில்தான் காய்ந்தது. இதே மழைதான் பெய்தது.

இரண்டாவது வினா சற்று ஆழமானது. மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சாய் யான் இரப்பர் பயிரிட்டார். இந்நாட்டில் வணிக நோக்கில் இரப்பர் பயிரிடும் முயற்சி அதிலிருந்தே தொடங்கியது. அதன் பின்னர் எழுந்த தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்த தமிழருக்குச் சொந்த வயல் இல்லை. சொந்தக் கூரையும் இல்லை. அவர்கள் உண்ட அரிசி அவர்கள் விளைத்ததன்று. எனினும், தை பிறந்ததும் லயத்து வாசலைச் சாணமிட்டு மெழுகி, மூன்று கல் கூட்டி, அரிசியும் வெல்லமும் இட்டுப் பொங்கினர். நெல் விளைத்தவனுக்கு அது அறுவடை விழா. நெல் விளைக்கும் நிலத்தை விட்டுப் பிரிந்தவனுக்கோ, தானும் ஒரு மண்ணுக்கு உரியவன் என்பதை ஆண்டுக்கு ஒருமுறை தனக்கே கூறிக்கொள்ளும் நாள். அத்தகைய நாள் யாருக்கு மிகுதியும் தேவை? ஏரும் மாடும் உடையவனுக்கா, ஏதுமற்றவனுக்கா? உழவன் அல்லாதவனுக்குப் பொங்கல் எதற்கு என்று கேட்போர், அடியோடு இடம்பெயர்ந்த மக்களின் நெஞ்சத்தை அறியாதவரே ஆவர்.

இனி, மூன்றாவது வினா. இதுவே மிகுதியும் செல்வாக்குடையது. சுங்கை ஊடாங் வட்டாரம் பழைய தோட்டப்புறமாக இன்று இல்லை. ஒருபுறம் தெரண்டாக் இராணுவ முகாம். மறுபுறம் 1994 முதல் இயங்கிவரும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. இடையில் வரிசை வரிசையாக வீடமைப்புப் பகுதிகள். கணவனும் மனைவியும் முறைமாற்று வேலைக்குச் செல்லும் இல்லத்தில், நெல்லைப் பொரித்துப் பாகு காய்ச்சி உருண்டை பிடிக்க நேரம் எங்கே என்று கேட்கின்றனர். இக்கேள்வியில் உண்மை உண்டு. ஆனால், இதற்கு மேடையில் விடையளிப்போர் என்ன செய்கின்றனர்? 'இக்காலப் பெண்கள் சமையலை மறந்துவிட்டனர்' என்று பெண்களைப் பழிக்கின்றனர். இஃது அறமன்று. பகலெல்லாம் ஆலையில் நின்றுவிட்டு வரும் பெண்ணின் மீது பண்பாட்டுச் சுமை முழுவதையும் ஏற்றி, ஆண்மகன் நாற்காலியில் அமர்ந்து மரபு பற்றிப் பேசுவது எவ்வாறு மரபாகும்? தேங்காய் துருவ ஆணுக்குக் கையில்லையா? பாகு கிண்டினால் மீசை உதிர்ந்துவிடுமா? நேரமில்லை என்னும் சிக்கலில் பெரும்பகுதி, வேலையைப் பகிர மனமில்லை என்னும் சிக்கலே ஆகும்.

கடைப்பொருளுக்கும் வீட்டுப்பொருளுக்கும் வேறுபாடு என்ன என்று கேட்கலாம். வெல்லம் மருந்து, சீனி நஞ்சு என்று மேடையேறி முழங்குவாரும் உளர். அதுவும் பிழையே. வெல்லத்தில் இருப்பதும் பெரும்பாலும் சீனிச் சத்தே. நீரிழிவு உடையோர்க்கு அது மருந்தாகாது. மரபுணவைக் காப்பதற்குப் பொய்யைத் துணைக்கழைக்க வேண்டியதில்லை. உண்மையே போதுமானது. அவ்வுண்மை யாது? மரபு இனிப்புக்கு ஒரு நாளையும் ஓர் அளவையும் வகுத்திருந்தது. 'திருவாதிரைக்கு ஒரு வாய்க் களி' என்பது வழக்கு. ஒரு வாய் என்றே கூறினர். ஒரு பானை என்று கூறவில்லை. வறுத்துடைத்த அரிசியும் பயற்றம்பருப்பும் வெல்லமும் தேங்காயும் சேர்ந்த அக்களியோடு ஏழு காய்கள் இட்ட கூட்டையும் வைத்து உண்டனர். கார்த்திகைத் தீபத்தன்று பொரி உருண்டை; அடுத்த இனிப்புக்கு மார்கழித் திருவாதிரை வரை காத்திருக்க வேண்டும். மார்கழி விடியலின் வெண்பொங்கலிலோ இனிப்பே இல்லை. மிளகும் சீரகமும் இஞ்சியும் உண்டு. மழைக்கால மாலைக்குச் சுக்குநீர். இவ்வாறு இனிப்பும் காரமும் பருப்பும் காயும் முறைவைத்து வந்தன.

இன்று அந்த முறை எங்கே? காலையில் டின்பால் கலந்த தேநீர். பள்ளி விட்டதும் வண்ண வண்ணப் போத்தல் நீர். மாலையில் மீண்டும் தேநீரும் பிஸ்கட்டும். நாள்தோறும் தீபாவளி, நாள்தோறும் பொங்கல் என்றால் திருநாளன்று நாவுக்குப் புதிதாக என்ன இருக்கும்? அதன் விளைவை நாடே கண்டு நிற்கின்றது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய் ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவு உடையவர். இனவாரியாக நோக்கின் இந்தியரிடையே அது மிகுதியாக இருந்தது. அதே ஆண்டு ஜூலை 1 முதல், 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள பானங்களுக்கு அரசாங்கம் லிட்டருக்கு 40 சென் வரி விதிக்கத் தொடங்கியது. அரசே வரி விதித்துத் தடுக்க முனையும் பொருளைத் தமிழர் தம் பொங்கல் விழாவில் பெட்டி பெட்டியாக இறக்கி வழங்குகின்றனர். மேடையில் பொங்கற்பானைப் போட்டி. எரிவாயு அடுப்பில் பத்துப் பானைகள். முதற்பரிசுக்கு ஒரு கேடயம். நிழற்படம் எடுத்து முடிந்ததும் பொங்கல் பானையிலேயே ஆறிக் கிடக்க, குழந்தைகள் கையில் நிறமூட்டிய குளிர்நீர். விழா நடந்தது என்பதற்குச் சான்று உண்டு. பொங்கல் உண்டதற்குச் சான்று உண்டா?

பானத்தைப் பற்றிப் பேசும்போது, பலர் பேசத் தயங்கும் ஒன்றையும் பேசியாக வேண்டும். விடுமுறை நாள்களில் குடித்துக் கிடப்போர், 'கள் நம் முன்னோர் பானமன்றோ' என்று மரபைக் கேடயமாகப் பிடிக்கின்றனர். முன்னோர் குடித்தனர் என்பது மெய். கள்ளுண்ணாமைக்குத் திருவள்ளுவர் தனியதிகாரமே வகுத்தார் என்பதும் மெய். தோட்டப்புறத்தில் கள்ளுக்கடை உரிமம் பெற்று நடந்தது. உழைத்த கூலி அங்கேயே கரைந்தது. அதை எதிர்த்தவர் வேற்றாரல்லர், தோட்டத் தொழிலாளரே. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளை எதிர்த்து அணிதிரண்டனர். ஆதலால், கள்ளைக் குடித்தது ஒரு மரபு என்றால், கள்ளை மறுத்துப் போராடியது அதனினும் உயர்ந்த மரபு. எதைப் பின்பற்றுவது என்பதை அவரவர் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

இங்கே எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. தென்னம்பாளையைச் சீவினால் வடிவது இனிய சாறு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கினால் அது பதநீர். கவனிப்பாரற்று விட்டால் சில மணி நேரத்தில் புளித்து நுரைத்துக் கள்ளாகிவிடும். தீயிலேற்றிக் காய்ச்சினால் வெல்லம். மலாக்காவின் பெயரையே தாங்கி உலகெங்கும் செல்லும் கூலா மலாக்கா இத்தகைய பாளைச் சாற்றிலிருந்து காய்ச்சப்படுவதே. பாளை ஒன்றே, சாறும் ஒன்றே. காலத்தே கையாண்டவனுக்கு வெல்லம், கைவிட்டவனுக்குக் கள். மரபும் அத்தகையதே. காலத்தே எடுத்துக் காய்ச்சிப் பிள்ளைகள் கையில் தருவோர்க்கு அஃது இனிப்பு. வாளா விடுவோர்க்கு அது புளித்துப் போகும். பின்னர்ப் பெருமை பேசித் தள்ளாடுவதற்கே பயன்படும்.

உணவு மறைந்தால் சொல்லும் மறையும். பொரியைக் காணாத பிள்ளைக்குப் 'பொரிதல்' வெறும் மனப்பாடச் சொல். பாகு காய்ச்சுவதைப் பார்த்திராத மாணவனுக்குக் 'கம்பிப்பதம்' என்றால் என்னவென்று எந்த ஆசிரியர் கரும்பலகையில் விளக்குவார்? பால் பொங்கி வழியும் அக்கணத்தைக் கண்ணால் காணாதவன் 'பொங்குக' என்று வாழ்த்தும்போது, அவ்வாழ்த்தில் உயிர் இருக்குமா? மொழிப்பாடத்துக்குத் தனிவகுப்பு வைக்கும் பெற்றோர், அதே மொழி செலவின்றிப் பிறக்கும் அடுப்பங்கரையைப் பூட்டி வைப்பது விந்தையிலும் விந்தை.

செய்ய வேண்டியவை செயற்கரியன அல்ல. மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றும் போட்டிப் பானைகள் பத்துக்கு மாற்றாக ஒரே பெரிய பானை வைக்கட்டும். அரிசி களைவது முதல் இலை எடுப்பது வரை ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்தே செய்யட்டும். விழாக் கூடத்தில் இனிப்புப் போத்தலுக்கு மாற்றாகச் சுக்குநீரும் நீர்மோரும் இருக்கட்டும். கோயில்கள் திருவாதிரையன்று களியை ஒரு வாய் அளவில் கொடுக்கட்டும். கொடுக்கும்போது அதன் கதையையும் கூறட்டும். மழையால் விறகு விற்க இயலாத நாளில், வீட்டிலிருந்த மாவைக் களியாக்கி இறைவனுக்குப் படைத்த சேந்தனாரின் கதை அது. வறியவன் வீட்டுக் களியே தில்லைக் கூத்தன் விரும்பிய உணவாயிற்று என்று பிள்ளைகள் அறியட்டும். பொங்கல், நாட்டின் பொது விடுமுறைப் பட்டியலில் இல்லை. ஆதலால், அந்நாளை நாளாக்கும் பொறுப்பு வீட்டாருடையது. ஒரு மணி நேரம் முன்னதாக எழுவதே அதற்கு விலை.

அவ்விலையைக் கொடுக்க மனமில்லாதவர், தமிழ் வாழ்க என்று மேடையில் முழங்குவதைச் சற்று நிறுத்தி வைக்கட்டும். காஜா பேராங்கின் வாழையிலைகள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.