கை பேசும் மொழி

மைசூர்ப் பகுதியிலே, யதுகிரி மலைமேல் அமைந்த மேல்கோட்டையைத் தமிழ் வைணவர் திருநாராயணபுரம் என்பர். இராமாநுசர் இவ்வூரில் பல்லாண்டு தங்கியிருந்தார். அவர் திருவரங்கம் திரும்ப முற்பட்டபோது, பிரிவாற்றாது வருந்திய அடியார்க்காக அவருடைய உருவம் ஒன்று சமைக்கப்பட்டது என்பது மரபு. ‘தமர் உகந்த திருமேனி’ எனப்படும் அவ்வுருவம் கைகூப்பிய கோலத்திலேயே இன்றும் காட்சி தருகின்றது. அவ்வூரில் வீட்டிலே தமிழும் வீதியிலே கன்னடமும் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. அக்கூப்பிய கைகளுக்கோ எம்மொழியினர்க்கும் உரை வேண்டுவதில்லை.

ஆயினும், கையசைவு அனைத்தும் இவ்வாறு எங்கும் ஒரே பொருள் தருவதன்று. கூப்பிய கையே தாய்லாந்தில் வணக்கமாம். ஆனால் வணங்கப்படுவோரின் தகுதிக்கேற்பக் கைகள் உயர்தல் வேண்டும். நம் கோயில்களில் ‘அஞ்சேல்’ என்று அருளும் விரித்த உள்ளங்கையைக் கிரேக்க நாட்டில் ஒருவர் முகத்துக்கு நேரே நீட்டினால் அது பெரும் பழிப்பு. பெருவிரலும் சுட்டுவிரலும் கூடிய வளையம் நமக்குத் தட்சிணாமூர்த்தியின் ஞான முத்திரை. சப்பானியர்க்குப் பணத்தின் குறி. பிரேசில் நாட்டிலோ வசைமொழி!

நிற்க. இது நம் இல்லங்களையும் தொடும் செய்தியாகும். உள்ளங்கை கீழ்நோக்க விரல்களை அசைத்து நாம் ஒருவரை அழைக்கிறோம். மேலைநாட்டார் சிலர்க்கு அது ‘போய் வா’ என்பதுபோல் தோன்றும். அன்போடு அழைத்த பாட்டியை விட்டு அயல்வீட்டுக் குழந்தை விலகிச் சென்றால், பாட்டி மனம் நோவார். பள்ளியிற் பழகியவாறு நம் பேரன் ஒற்றை விரலை மடக்கித் தாத்தாவை அழைத்தால், ‘மரியாதை அறியாதவன்’ என்று அவன் தண்டிக்கப்படுவான். இருவர் மனத்திலும் குற்றமில்லை. கையின் மொழிதான் வேறு.

ஆதலின், பெற்றோர்களே, பிள்ளையைக் கடிவதற்கு முன் அவன் கருதிய பொருளைக் கேளுங்கள். பின்னர் நம் வழக்கத்தைக் கற்பியுங்கள். அவர்கள் வழக்கத்தையும் அவனிடம் கேட்டறியுங்கள். வீட்டு மொழியை விடாமலே வந்த நாட்டின் மொழியையும் பயின்ற மேல்கோட்டைக் குடும்பங்கள் நமக்கு முன்னோடிகள் அல்லரோ? வாய்மொழிக்குப் பொருந்துவது கைமொழிக்கும் பொருந்தும்.