கத்துவது பிரேக் மட்டும்தானா?

"மலிவு சைக்கிள்னா பிரேக் கத்தத்தான் செய்யும்" என்ற வசனத்தை முதலில் ஒழிக்க வேண்டும் மக்களே! கத்துவது விலை அல்ல, அதிர்வு. பிரேக் கட்டை ரிம்மில் ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டுகிறது. அந்த நடுக்கம்தான் சத்தம். விலை உயர்ந்த சைக்கிளும் இப்படிக் கத்தும்.

இதைவிடக் கொடுமை, "ரிம்முல ரெண்டு சொட்டு எண்ணெய் விடு" என்கிற இலவச ஆலோசனை. சத்தம் நிற்கும். சைக்கிள்தான் நிற்காது!

சரி, மேட்டருக்கு வருவோம். ரிம்மை சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். பளபளப்பேறிய கட்டையை உப்புத்தாளில் தேயுங்கள். ஆடுகிற பிரேக் போல்ட்டை முறுக்குங்கள். கட்டையின் முன்முனை, பின்முனைக்கு 1 மில்லிமீட்டர் முந்தி ரிம்மைத் தொடட்டும். தேய்ந்த கட்டை என்றால் மாற்றிவிடுங்கள்.

செலவு? ஒரு உப்புத்தாள், அரை மணி நேரம். இதைச் சொல்லித் தர ஆளில்லாமல், சத்தத்துக்கு வெட்கப்பட்டு, பிரேக்கே பிடிக்காமல் காலைத் தரையில் தேய்த்து சைக்கிளை நிறுத்துகிறார்கள் பள்ளிப் பிள்ளைகள்; அரசு தந்த இலவச சைக்கிளிலும்தான்.

"மலிவு சைக்கிள்தானே" என்பவர்கள் கவனிக்க: மலிவு சைக்கிள் மட்டும்தான். அதை ஓட்டுகிற உயிர் அல்ல.