‘வருவிளைவு யாது?’ என்று கேட்டால் போதுமா?

க.பொ.த. உயர்தர தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் கடந்தகால வினாத்தாள்களைப் புரட்டியவர்களுக்கு ஒரு வினா நன்கு பழக்கமானது. சிறியதொரு பைதன் செய்நிரலைத் தந்து, அதன் வருவிளைவு யாது என்று கேட்பார்கள். மாணவர்களும் வரிவரியாகப் பின்தொடர்ந்து விடையை எழுதிவிடுகிறார்கள். ஆனால், அவர்கள் செய்நிரலைப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு அது சான்றாகுமா?

ஒரு மாறியின் ஆரம்பப் பெறுமதி 0 என்று வைத்துக்கொள்வோம். 7, 3, 9, 5 ஆகிய எண்கள் ஒவ்வொன்றாக அதனுடன் ஒப்பிடப்படுகின்றன. எண் பெரிதாக இருந்தால் அது மாறியில் இடப்படும். முடிவில் கிடைப்பது 9. இந்த விடையை எழுதும் இருவரில் ஒருவர் நான்கு சுற்றையும் நடந்தே கடந்திருப்பார். மற்றவர், ‘இது மிகப் பெரிய எண்ணைத் தேடுகிறது’ என்று கண்டிருப்பார். இருவருக்கும் ஒரே புள்ளிதான். எல்லாமே மறை எண்களாக இருந்தால் என்னவாகும் என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். 0 என்ற பிழையான விடை வரும், ஆரம்பப் பெறுமதியாகப் பட்டியலின் முதல் எண்ணையே இட வேண்டும் என்று சொல்லக்கூடியவர் பெரும்பாலும் இரண்டாமவர்.

விவரங்களை ஒதுக்கி நோக்கத்தைப் பிடிக்கும் இந்தத் திறனை அருவமாக்கம் என்பார்கள். ஊடகக் கற்கையில் எங்களுக்கு நீண்ட அறிக்கையொன்றுக்கு ஒரு வரியில் தலைப்பு எழுதச் சொல்வார்கள். ஏறத்தாழ அதே வேலை.

இது எங்கள் நாட்டுக்கு மட்டுமான சிக்கல் அல்ல. 2001இல் வெளியான மக்ரேக்கன் குழுவின் ஆய்வில், நான்கு பல்கலைக்கழகங்களின் 216 மாணவர்கள் செய்நிரல் எழுதிப் பெற்ற சராசரி 110க்கு 23 புள்ளிகள் கூட இல்லை. 2006இல் ரேமண்ட் லிஸ்டர் குழுவினர் ஒரு செய்நிரல் துண்டைக் கொடுத்து, அது என்ன செய்கிறது என்று சாதாரண மொழியில் விளக்கச் சொன்னார்கள். விரிவுரையாளர்கள் பெரும்பாலும் நோக்கத்தைச் சொன்னார்கள். மாணவர்கள் பலர் வரிவரியாக ஒப்புவித்தார்கள். அடுத்த ஆண்டே இலண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் ஜெஃப் கிராமர், இத்திறனை அளக்கும் சோதனைகள் தேவை என்று எழுதினார்.

இந்த அளவீட்டுக்குக் கணினி தேவையில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆய்வுகூடத்தில் பாதி இயந்திரங்கள் இயங்காத பாடசாலையிலும் கரும்பலகையும் கொப்பியும் போதும். விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாம். பல்கலைக்கழகத்தில் திடீரென ஆங்கிலத்துக்கு மாறப்போகும் பிள்ளைக்கு, சிந்தனையை முதலில் தன் மொழியில் தெளிவாக்கிக்கொள்ளும் வாய்ப்பு அது. செயற்கை நுண்ணறிவு நொடியில் செய்நிரல் எழுதித் தரும் இக்காலத்தில், அதை வாசித்துச் சரிபார்க்கத் தெரியாதவருக்கு வேலைச் சந்தையில் என்ன இடம் இருக்கும்?

விளக்க விடைகளைத் திருத்த நேரம் எடுக்கும். ரியூசன் வகுப்புகள் இதற்கும் மனப்பாட வாக்கியங்களைத் தயாரித்துவிடும் என்பதும் உண்மைதான். அதனால்தான் நோக்கத்தைக் கேட்ட கையோடு, ஒரு வரியை மாற்றினால் என்ன நடக்கும் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.