ஒன்பதாம் எண்ணுக்காக ஒரு வாதம்

பழைய ராக் இசையில் ஊறிய நாலு பேர் கூடினால், பீட்டில்ஸைப் பற்றிப் பெரும்பாலும் சண்டை வராது. யாராவது ‘ரெவல்யூஷன் 9’ என்று வாயெடுத்தால் மட்டும் கட்சி பிரிந்துவிடும். “இது பாட்டே இல்லை, வெறும் இரைச்சல்” என்பது ஒரு கட்சி. “அந்தக் காலத்திலேயே எவ்வளவு புதுமை!” என்பது மறுகட்சி. எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் அந்த ஒலிக்கோவையின் பக்கம்தான் நான். ஆனால் புதுமை என்கிற வாதம் எனக்குச் சம்மதமில்லை.

1968 நவம்பரில் வெளிவந்த ‘வெள்ளை ஆல்பம்’ இரண்டு இசைத்தட்டுகள், முப்பது உருப்படிகள். ‘ரெவல்யூஷன் 9’ அதில் கடைசிக்கு முந்தையது. மெட்டு இல்லை, பல்லவி சரணம் இல்லை. ஓர் ஆண் குரல் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. கூட்டத்தின் கூச்சல், பின்னோக்கி ஓடும் வாத்தியங்கள், குழந்தையின் மழலை, யார் யாரோ பேசும் ஒட்டாத வாக்கியங்கள் எல்லாம் வந்து வந்து போகின்றன. ஜான் லெனன், யோகோ ஓனோ, ஜார்ஜ் ஹாரிசன் மூவரின் கைவேலை. லண்டன் ஈஎம்ஐ ஸ்டுடியோவில் ஒலிநாடாக்களை வெட்டி, வளையங்களாக ஒட்டி, பல இயந்திரங்களில் ஒரே சமயத்தில் சுழலவிட்டுக் கலந்தார்கள். பால் மெக்கார்ட்னி அப்போது அமெரிக்காவில் இருந்தார். இதை ஆல்பத்தில் சேர்ப்பதில் அவருக்கு விருப்பமில்லை.

புதுமையா? பாரிஸில் பியர் ஷேஃபர் 1948-லேயே ஒலிப்பதிவுத் துண்டுகளைக் கோத்து இசை செய்துவிட்டார். ஜெர்மனியில் ஸ்டாக்ஹவுசன் அதை வெகுதூரம் கொண்டுபோனார். மெக்கார்ட்னி முன்னின்று 1967 ஜனவரியில் ‘கார்னிவல் ஆஃப் லைட்’ என்று இதே வகையில் ஒன்றைப் பதிவு செய்தார்கள். அது இன்னும் வெளிவரவில்லை. முதலில் செய்தது யார் என்ற பந்தயத்தில் ‘ரெவல்யூஷன் 9’ ஜெயிக்காது.

என் வாதம் வேறு. ‘வெள்ளை ஆல்பத்தின்’ நான்காம் பக்கத்தை முதலிலிருந்து கேளுங்கள். ‘ரெவல்யூஷன் 1’ என்ற நிதானமான பாட்டோடு தொடங்குகிறது. 1968 மே கடைசியில், பாரிஸ் தெருக்களில் மாணவர்கள் போலீஸோடு மோதிக்கொண்டிருந்த அதே மாதத்தில், பதிவானது. அழிவு வேலைக்கு நான் உண்டா இல்லையா என்ற கேள்விக்கு லெனன் அதில் இரண்டு பதிலையும் சேர்த்தே சொல்கிறார். அன்றைய பதிவு பத்து நிமிடத்துக்கு மேல் நீண்டது. முன்பாதி பாட்டானது, வெட்டி எடுத்த பின்பாதியின் மேல்தான் ‘ரெவல்யூஷன் 9’ கட்டப்பட்டது. லெனனின் அலறல் அதில் இன்னும் கேட்கிறது. ஆக, பக்கத்தின் தொடக்கத்தில் தயங்கி நின்ற மனிதனை, அதன் இறுதியில் தெருவுக்குள்ளேயே தள்ளிவிடுகிறார்கள். புரட்சி என்று பேசுவது ஒன்று, அதன் நடுவே அகப்பட்டுக்கொள்வது வேறு. இந்த வித்தியாசத்தை எந்த மெட்டாலும் எனக்கு இப்படி உணர்த்த முடிந்ததில்லை. புரட்சியை ஒலியில் வரையத் தொடங்கி அதற்கு நேர் எதிரானதை வரைந்துவிட்டேன் என்ற பொருளில் லெனன் பின்னாளில் சொன்னார். அப்படி நேர்ந்ததுதான் இதன் பலம் என்பேன்.

அடுத்து வருவது ‘குட் நைட்’. ரிங்கோ ஸ்டார் பாட, பெரிய வாத்தியக் குழு இழையும் தாலாட்டு. தனியாகக் கேட்டால் கொஞ்சம் திகட்டும். அந்த எட்டு நிமிடத்தைத் தாண்டி வந்து கேட்டால் நெஞ்சை அடைக்கிறது. அதை லெனன் தன் ஐந்து வயது மகனுக்காக எழுதினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்க்கட்சியிடம் நியாயமே இல்லையா? இருக்கிறது. நடுவில் ஓரிடத்தில் தொய்கிறது. இரண்டு நிமிடம் குறைத்திருந்தால் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும். “அதே ஆண்டின் ‘ஹே ஜூட்’ பாட்டை இந்த இடத்தில் வைத்திருக்கலாமே” என்று நண்பர்கள் கேட்பார்கள். வைத்திருந்தால் ஆல்பத்தில் இன்னொரு நல்ல பாட்டு கூடியிருக்கும், நான்காம் பக்கத்துக்கு முதுகெலும்பு போயிருக்கும்.

இன்று செயலியில் கேட்கிறவர்கள் ஒரு தட்டில் இதைத் தாண்டிவிடுகிறார்கள். ஒரே ஒருமுறை, ‘ரெவல்யூஷன் 1’ தொடங்கி ‘குட் நைட்’ முடியும்வரை, வரிசை கலைக்காமல், வேறு வேலை பார்க்காமல் கேளுங்கள். அதற்குப் பிறகும் இரைச்சல் என்றுதான் தோன்றினால் எனக்கு எழுதுங்கள், வாதத்தைத் தொடரலாம்.