பள்ளிக்குப் பூட்டு: பதில் சொல்ல வேண்டியவர் யார்?

“நடத்தினோம், நட்டம் வந்தது, மூடிவிட்டோம். எங்கள் பள்ளியை நாங்கள் மூடுவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?” என்று தனியார் பள்ளி நிர்வாகிகள் சிலர் பேசிவரக் கேட்கிறோம். நம் சமுதாயத்துப் பள்ளிகளை நடத்தியவர்களிடமிருந்தும் இதே சொற்கள் வருகின்றன என்பதால்தான் நாம் எழுதுகோலை எடுக்க நேர்ந்தது. துணிக்கடையை மூடினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளையைத் தெருவில் நிறுத்திவிட்டுப் போவதும் இதுவும் ஒன்றுதானா?

அவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுவோம். 2020 மார்ச் மாதம் கொள்ளைநோயின் காரணமாகப் பள்ளிகள் அடைக்கப்பட்டன. தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் நாளன்று. ஏறத்தாழ இருபது மாதங்கள்! கட்டணத்தைத் தவணைகளாகப் பெறலாம் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2020 ஜூலையில் அனுமதித்தது உண்மையே. ஆனால் வேலையிழந்த தகப்பனிடம் தவணைக்கும் பணம் இருக்கவில்லை. வாடகைக் கட்டடத்தில் நூறு, நூற்றைம்பது பிள்ளைகளை வைத்து நடந்துவந்த சிறு மழலையர் பள்ளிகளும் தொடக்கப் பள்ளிகளும் இந்தச் சுமையில் நொறுங்கிப்போயின. நாடு முழுவதும் கிராமப்புறப் பிள்ளைகளை ஆராய்ந்த ‘அசர்’ அறிக்கை, 6 முதல் 14 வயதுள்ளோரில் அரசுப் பள்ளிகளில் பயின்றவர் 2018இல் 64.3 விழுக்காடு, 2021இல் 70.3 விழுக்காடு என்று கூறுகிறது. இந்த ஏற்றம் வறுமையும் பூட்டும் சேர்ந்து செய்த வேலை. இயலாமையால் ஒரு பள்ளி மூடப்படுவதை நாம் குற்றம் என்று சொல்லவில்லை. இரவோடு இரவாக, மொழிவாரின்றி, கணக்கு ஒப்படைக்காமல் மூடுவதைத்தான் குற்றம் என்கிறோம். நோயின் காலம் போய் ஆண்டுகள் கடந்த பிறகும் அதே வழக்கம் தொடர்கிறது என்றால் அதற்கு என்ன சாக்கு?

நிகழ்வது எப்படி என்று பாருங்கள். மே மாதத்தின் இறுதியில், அடுத்த ஆண்டுக்கான முன்பணத்தையும் வாங்கிக்கொண்ட பின், வாயிற்கதவில் ஒரு தாள் ஒட்டப்படுகிறது. வாப்பா அரபு நாட்டில் இருக்கிறார். தொலைபேசியில் சினம் கொள்வதைத் தவிர அவரால் ஆவது ஒன்றுமில்லை. உம்மாதான் மூன்று பிள்ளைகளின் சான்றிதழ்களுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார். பழைய பள்ளியில் எழுத்தர் இல்லை. தாளாளர் தொலைபேசியை எடுப்பதில்லை. எடுத்தாலும், “சென்ற ஆண்டுப் பாக்கியைக் கட்டுங்கள், சான்றிதழ் தருகிறோம்” என்பார். வாங்கிய முன்பணம் என்னவாயிற்று என்று கேட்டால் இணைப்புத் துண்டிக்கப்படும்! ‘எமிஸ்’ எனப்படும் மாணவர் பதிவேட்டிலிருந்து பழைய பள்ளி பிள்ளையின் பெயரை விடுவிக்காவிட்டால் புதிய பள்ளியிலும் சிக்கல். சீருடை மாற வேண்டும், புத்தகம் மாற வேண்டும், பயிற்றுமொழியே மாறவும் கூடும். ஆங்கிலவழியில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை தமிழ்ப் பாடநூலை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு கடைசி இருக்கையில் ஒடுங்கிவிடுகிறது.

சிறுவர்கள் எப்படியேனும் ஒரு பள்ளியில் சேர்ந்துவிடுவார்கள். எட்டாம் வகுப்பை எட்டிய பெண் பிள்ளையின் கதை வேறு. அடுத்த பள்ளி நான்கு கல் தொலைவில் இருக்கிறது; பேருந்து மாற வேண்டும். “போதும், வீட்டில் இருக்கட்டும்” என்று ஒரு மூத்தவர் சொல்லிவிடுகிறார். ஒரு வாரத்தில் முடிந்துபோகிறது ஒரு கல்வி. பள்ளியை மூடியவர் இப்படி நின்றுபோன பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்திருப்பாரா? அந்த மூத்தவரும் இறைவனிடம் தப்பிவிட முடியாது. அறிவு தேடுவது கடமை என்று கூறிய மார்க்கம் நான்கு கல் தொலைவை விதிவிலக்காக வைக்கவில்லை.

சான்றிதழைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்பதைப் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 5ஆம் பிரிவில், மாற்றுச் சான்றிதழைத் தலைமையாசிரியர் உடனே தர வேண்டும் என்றும், அது வரத் தாமதமாவதைக் காட்டி அடுத்த பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்றும் விதிக்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றமும், மாற்றுச் சான்றிதழ் என்பது கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவியன்று என்று தெளிவுபடுத்தி, பாக்கி உண்டென்று அதில் குறிப்பெழுதுவதையும் தடுத்துவிட்டது. ஆகவே தயங்காமல் அருகிலுள்ள அரசுப் பள்ளிக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். சான்றிதழ் பின்னால் வரட்டும்.

இதைவிட நுட்பமான ஓர் அநீதியைப் பற்றி யாரும் பேசக் காணோம். அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு இடத்தை 2020இலும், பொறியியல் முதலிய தொழிற்கல்வியில் 2021இலும் தமிழக அரசு ஒதுக்கியது. உயர்கல்வி பயிலும் மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் வந்தன. நல்ல திட்டங்கள், மனமுவந்து பாராட்டுகிறோம். ஆனால் இவற்றின் அடிப்படை விதி என்ன? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் (உதவித்தொகைத் திட்டங்களுக்கு, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலேனும்) பயின்றிருக்க வேண்டும் என்பதே. ஏழாம் வகுப்பு முடிவில் தன் பள்ளி மூடப்பட்டு, எட்டு முதல் பன்னிரண்டு வரை ஐந்து ஆண்டுகள் அரசுப் பள்ளியின் அதே இருக்கையில் அமர்ந்து, அதே ஆசிரியரிடம் பயின்ற ஒரு மாணவி, பக்கத்து இருக்கைத் தோழிக்குக் கிடைப்பது தனக்குக் கிடைக்காமல் நிற்கிறாள். மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு 36,000 ரூபாய்! ஏழைக் குடும்பத்தில் படிப்பைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை முடிவு செய்யும் தொகை அது.

“கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை பயின்று, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்க்கு விலக்கு உண்டே” என்று யாரேனும் சொல்வர். உண்டுதான். ஆனால் சிறுபான்மையோர் பள்ளிகளை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், நம் பள்ளிகளில் அந்த இடங்களும் இல்லை. அவற்றின் வழியே கிடைக்கும் விலக்கும் நம் பிள்ளைகளுக்கு இல்லை. நம் நிர்வாகிகள் தமக்கு வென்று வாங்கிய உரிமையின் விலையை நம் ஏழை மாணவி கட்டுகிறாள்! பள்ளி மூடப்பட்டதால் இடம்பெயர்ந்தவர் என்று கல்வி அலுவலர் சான்றளித்த பிள்ளைக்கு, பெயர்ந்த நாளிலிருந்து தடையின்றி அரசுப் பள்ளியில் பயின்றிருந்தால் போதும் என்று விதியைத் திருத்த வேண்டும். அரசுக்கு இதனால் பெருஞ்செலவு வந்துவிடாது. வசதி படைத்தோர் புகுந்துவிடுவர் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. அவர்கள் பள்ளி மூடப்பட்டால் வேறொரு தனியார் பள்ளிக்கன்றோ செல்கிறார்கள்?

அரசமைப்பின் 30ஆவது பிரிவைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். கல்வி நிலையங்களை நிறுவவும் நிருவகிக்கவும் நமக்கு அது தந்த உரிமை விலைமதிப்பற்றது. ஆயினும், நிருவகிக்கும் உரிமைக்குள் சீர்கேடாக நடத்தும் உரிமை அடங்காது என்பதை, கேரளக் கல்வி மசோதா பற்றிய கருத்துரையில் 1958ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. உரிமை கேட்கும்போது ‘சமுதாயத்தின் பள்ளி’; கணக்குக் கேட்கும்போது ‘எங்கள் சொந்தப் பள்ளி’. இரண்டில் எது என்று அவர்கள் முதலில் தீர்மானிக்கட்டும்.

சொந்தப் பள்ளி என்றே வைத்துக்கொள்வோம். பிக்ஹு நூல்களில் இஜாரா பாடத்தை ஓதியவர்க்குத் தெரியும்: ஊதியமும் கட்டணமும் கிடைக்கும் பயனுக்கு ஈடானவை, பயன் நின்றுபோனால் எஞ்சிய காலத்துக்கான தொகை கொடுத்தவருக்கே உரியது. முன்பணமும் காப்புத்தொகையும் தாளாளரின் கையில் இருக்கும் பெற்றோரின் பணம். அதைத் திருப்பாமல் வைத்திருப்பதற்கு என்ன பெயர் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியைகளின் கணக்கும் உண்டு. குறைந்த சம்பளத்தில், பெரும்பாலும் நம் ஊர்ப் பெண்களே, கரும்பலகையின் முன் நின்று தேய்ந்தார்கள். கூலியை உடனே கொடுப்பது பற்றி மேடைகளில் முழங்கும் நிர்வாகி, இரண்டு மாதச் சம்பளத்தை வைத்துக்கொண்டு பூட்டிச் செல்கிறார். பணியனுபவச் சான்றிதழ்கூடத் தருவதில்லை.

சமுதாயப் பள்ளி என்றால் இன்னும் கடுமையான விசாரணை உண்டு. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டதும், விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ வாரிசுப் பங்கு வைக்கவோ இயலாதபடி அதை அறத்துக்கு ஆக்கியதும் நாம் அறிந்த வரலாறு. வக்ஃபின் இலக்கணமே அதுதான். நம் ஊர்களில் ரமலான் மாதத்து இரவுகளில், “பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு” என்று ரசீதுப் புத்தகத்தோடு வந்து வாங்கிய பணத்தில் நிலம் வாங்குகிறார்கள். பத்திரம் ஐந்தாறு பேர் கொண்ட அறக்கட்டளையின் பெயரில் பதிவாகிறது. ஐந்தாறு பேரும் ஒரே குடும்பம்! பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பள்ளி ‘நட்டத்தில்’ மூடப்படுகிறது. அதே மனையில் திருமண மண்டபம் எழுகிறது. கொடுத்தவர் எந்த நிய்யத்தில் கொடுத்தார்? வளையலைக் கழற்றிக் கொடுத்த பெண்மணி மண்டபத்துக்கா கொடுத்தார்? 1919இல் எழுந்த வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1951இல் ஜமால் முகம்மது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் திருச்சியில் நிறுவிய ஜமால் முகம்மது கல்லூரியும் இன்றும் நிற்கின்றன. அவற்றை எழுப்பியவர்களும் வணிகர்கள்தாம். கல்விக்கென்று கொடுத்ததை அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

இடையில் ஒரு சொல். அரபு மொழியில் ‘மத்ரஸா’ என்றால் பாடம் நடக்கும் எந்த இடமும் அதில் அடங்கும். நாம்தான் அச்சொல்லை ஓதும் இடத்துக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, கணக்கும் அறிவியலும் கற்பிக்கும் இடத்தைச் சந்தைக்கு விட்டுவிட்டோம். மஹல்லாவின் மக்தப் ஒரு நாள் அடைபட்டால் ஜமாஅத் கூடிவிடுகிறது. முந்நூறு பிள்ளைகளின் பள்ளி அடைபட்டால் அது பெற்றோரின் சொந்தத் தொல்லை என்று முத்தவல்லி ஒதுங்கிக்கொள்கிறார்.

பெற்றோரையும் விட்டுவிடுவதற்கில்லை. அரசுப் பள்ளியில் சேர்ப்பது குடும்பக் கௌரவத்துக்கு இழுக்கு என்று கருதி, கடன் வாங்கி, அங்கீகாரம் இல்லாத இன்னொரு பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கிறவர்கள், மறு ஆண்டும் இதே தெருவில் நிற்கப்போகிறார்கள். அங்கீகார ஆணை எந்த ஆண்டு வரை செல்லும் என்று கேட்டுவிட்டுச் சேர்ப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர்கள்தாமே நாம்!

நம் பள்ளிகளை நடத்தும் அறக்கட்டளைகள் தங்கள் சாசனத்திலேயே எழுதிக்கொள்ளட்டும்: மூடுவதானால் முழுதாக ஒரு கல்வியாண்டுக்கு முன் எழுத்தில் அறிவிப்போம், முன்பணமும் சம்பளப் பாக்கியும் தீர்ந்த பிறகே கட்டடத்தில் கை வைப்போம், பதிவேடுகளைக் கல்வி அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது பெறுவோம், பொதுப்பணத்தில் வாங்கிய நிலம் கல்விக்கன்றி வேறெதற்கும் போகாது. இதற்கு இணங்காத நிர்வாகத்துக்கு இனி ரமலான் வசூலில் ஒரு காசும் கொடுக்காதீர்கள். உங்கள் மஹல்லாவின் அடுத்த பொதுக்குழுவில் எழுந்து நின்று இதைக் கேளுங்கள். கிடைக்கும் பதிலை, பதில் சொன்னவரின் பெயரோடு, நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.